முழு உருவத் தகடு

எங்கள் வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை, எல்லாம். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு விசைத்தறிக்குப் போய்விட்டார். கையெழுத்தைப் படம் வரைவதுபோல மெதுவாகப் போடுவார். அவர்களுக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கைநாட்டு. நான் பி.காம். முடித்துவிட்டு, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களுக்காகப் படிப்பதும் மற்றவர்களுக்காக எழுதுவதும்தான் வேலை. எனக்கு அதில் கர்வம் உண்டு. தெருவில் யாராவது ஒரு தாளை நீட்டினால், வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே என் முதுகு நிமிர்ந்துவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம், என் அம்மாவுக்கு நான் செய்தது, படிக்காத ஒருத்தியால் செய்யவே முடியாத காரியம்.

அம்மாவுக்கு முதல் தடவை நோய் வந்தபோது எல்லாவற்றையும் உள்ளபடிதான் சொன்னேன். இடது மார்பில் கட்டி. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை வீட்டில் வைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். புற்றுநோய் என்ற சொல்லையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல, ஒரு தடங்கலும் இல்லாமல். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். நாற்பது நாள் அப்படியே கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வருவாள், ஊசி போட்டால் கையை நீட்டுவாள், வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் சுவர்தான். சோறு ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருப்பாள். மார்பை எடுத்த பிறகு வீட்டிலிருந்த கண்ணாடியைத் துணி போட்டு மூடச் சொன்னாள். குளிக்கும்போது என்னைக்கூட உள்ளே விடவில்லை. இடது கையைத் தூக்க முடியாததால், ஒரு கையால் முதுகு தேய்க்க முடியாமல் அவள் முனகுவது கதவுக்கு வெளியே கேட்கும்.

சிகிச்சை முடிந்து முடி வளரத் தொடங்கியதும் கோவிலுக்குப் போனாள். எங்கள் ஊர்க் கோவிலில் உடம்பில் எந்த இடத்துக்கு நோய் வந்ததோ அந்த உறுப்பின் உருவம் அச்சடித்த வெள்ளித் தகட்டை வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். கோவில் முன்னால் உள்ள கடைகளில் கண், கை, கால், வயிறு, விஷக்கடிக்குப் பாம்பு, தேள் என்று தட்டில் பரப்பி வைத்திருப்பார்கள். அம்மா வழக்கமாகப் போகும் கடையில் ஒரு அக்கா உண்டு, வாய் ஓயாமல் பேசுகிறவள். அம்மா சொல்லக் கூசி நின்றபோது அவளே புரிந்துகொண்டு, மார்புத் தகட்டை வெற்றிலையில் சுருட்டிக் கொடுத்தாளாம். அதற்குப் பிறகு அம்மா மறுபடியும் தார் சுற்ற உட்கார்ந்தாள். தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கும் வேலை அது. பார்வையாலேயே, இந்தக் குழலில் நூல் குறைச்சல், இதில் கூடுதல் என்று சொல்லிவிடுவாள்.

ஒன்றரை வருஷம் கழித்து அவளுக்கு முதுகு வலித்தது.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "நீதான படிச்ச பொண்ணு, உன்கிட்டயே சொல்லிடுதேன்" என்றார். வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிஷத்தில்கூட எனக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. நோய் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருக்கிறது, ஈரலிலும் இருக்கிறது, இனி முழுசாகக் குணப்படுத்த முடியாது, கொஞ்சம் தள்ளிப் போடலாம், வலியைக் குறைக்கலாம் என்றார். வெளியே வந்தேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி சொல்லுதாவ?"

எனக்கு அந்த நாற்பது நாள்தான் ஞாபகம் வந்தது. சுவர், விழுங்காத சோறு.

"எலும்பு தேய்மானம்மா. உக்காந்து உக்காந்தே தார் சுத்துதல்லா, அதான்."

"தாள்ல அப்படித்தான் போட்டிருக்கா?"

"ஆமா."

"முழுசும் படிச்சியா?"

"முழுசும் படிச்சேன்."

அம்மா மூச்சு விட்டாள். "சரி, தேய்மானம் யாருக்குத்தான் இல்ல" என்றாள். பஸ் பனவடலிசத்திரம் தாண்டும்வரை அவள் பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் முழங்கால் தைலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சரியாகத்தான் செய்தோம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். நாற்பது வருஷத் தறிச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. வீட்டில் அவரிடம் பேசக் கத்த வேண்டும், இல்லையென்றால் வாயை அசைத்துக் காட்ட வேண்டும். தறிக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். ஆனால் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் தறிக்கூடத்தில் இருந்தவள்தான். ஒரே அறை உள்ள வீட்டில் அவள் கண்ணுக்குத் தப்பி உதட்டை அசைக்க முடியாது. அதனால் மறுநாள் மத்தியானம் தறிக்கூடத்துக்கே போனேன். இருபது தறிகளின் சத்தத்துக்கு நடுவில், அப்பாவுக்கு எதிரே நின்று, சத்தமே இல்லாமல் சொன்னேன். ஊரிலேயே ரகசியம் பேச அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

அப்பா என் வாயையே பார்த்தார். "திருப்பிச் சொல்லு" என்று உதட்டை அசைத்தார். திருப்பிச் சொன்னேன். அதற்குள் அவர் தறியில் இழை அறுந்து தறி நின்றுவிட்டது. முடிச்சுப் போடக் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு போடுகிற முடிச்சு, இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை போட்டுவிட்டு நிமிர்ந்து, "அவகிட்ட சொல்லிராத" என்றார். அவ்வளவுதான். தறியை ஓட்டிவிட்டார்.

அதன் பிறகு எல்லாம் ஒரு நடிப்பாகவே நடந்தது. எலும்புக்கு ஊசி போட்டார்கள். அதற்குச் சத்து ஊசி என்று பேர் வைத்தேன். "அதே டாக்டர், அதே வார்டு, எலும்புக்கும் இவியதான் பாக்காவளா?" என்று அம்மா கேட்டபோது, "பழைய பேஷண்ட்னு நம்மள விடமாட்டுக்காவ" என்றேன். சிரித்தாள். ஒவ்வொரு தடவை தாள் கொடுத்ததும் வீட்டில் உட்கார்ந்து படிக்கச் சொல்வாள். நான் விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, "எலும்பு பலமாகி வருகிறது, முன்னேற்றம் தெரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்று இல்லாததையெல்லாம் படித்தேன். நன்றாகவே படித்தேன். மேலே தாளில் ஈரலைப் பற்றி எழுதியிருக்கும். கீழே என் விரல் நகரும்.

ஆனால் அம்மா தேறவில்லை. தார் சுற்றுவதை நிறுத்தினாள். யாராவது பார்க்க வந்தால் எரிந்து விழுந்தாள். "இவளுக எதுக்கு ஒவ்வொருத்தியா ஆப்பிளத் தூக்கிட்டு வாராளுவ? தேய்மானத்துக்கு யாரு ஆப்பிள் வாங்குவா?" என்றாள். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால், "நெசமாத்தான் சொல்லுதியா?" என்பாள். மணி எத்தனை என்று என்னிடம் கேட்டுவிட்டு, நான் சொன்ன பிறகு பக்கத்து வீட்டிலும் போய்க் கேட்பாள். நான் செல்போனில் காமெடிக் காட்சிகள் போட்டுக் காட்டினேன். அவள் திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். கவலைப்படாதே என்று எத்தனை முறை சொன்னேனோ அத்தனை முறையும் அவள் முகம் ஒரு சுற்று இறுகியது. எலும்பு தேய்மானம் என்று நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

ஐந்தாம் மாதம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு காலையில், நான் ஆஸ்பத்திரித் தாள்கள் வைத்திருக்கும் பைலைத் திறந்தேன். என்னைத் தவிர யாரும் திறக்காத பைல். மேலாக இருந்த ஸ்கேன் தாளின்மீது ஒரு வெள்ளித் தகடு கிடந்தது. கையில்லை, காலில்லை, முதுகில்லை. தலையிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு முழுப் பெண் உருவம், கைகூப்பியபடி.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கதவருகே சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா" என்றாள்.

பஸ்ஸில்தான் சொன்னாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. முதுகு வலி தீர வேண்டித் தகடு போடலாம் என்று நினைத்திருக்கிறாள். எந்த எலும்பு என்று தெரிந்தால்தானே சரியான தகடு போட முடியும். என்னிடம் கேட்டால் என் வாயிலிருந்து வருவது என்னவென்று அவளுக்குத் தெரியும். அதனால் நான் வேலைக்குப் போன பிறகு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அக்கா கடைக்குப் போயிருக்கிறாள்.

"முதுகு இருக்காக்கான்னு கேட்டேன். 'முதுகா? முதுக யாரு கேக்கா, சாமி முன்னால நின்னாத்தான் முதுகு பின்னால போயிருதே'ன்னு சிரிச்சா. இந்தத் தாளப் பாத்து எந்த எலும்புன்னு சொல்லு, அதுக்குத் தோதா எடுத்துக் கொடுன்னேன். அவகிட்ட எத்தன பேரு தாளக் கொண்டுட்டு வாரானுவ. எழுத்துக் கூட்டிப் படிச்சிருவா. பாத்தா. பாத்துட்டு, 'மக என்ன சொன்னா'ன்னு கேட்டா. தேய்மானம்னு சொன்னாக்கான்னேன். தாள மடிச்சு என் கையில வச்சா. அப்புறம் இத எடுத்துக் கொடுத்தா. கை வேண்டாமா, கால் வேண்டாமா, இது எதுக்குக்கா முழு ஆளுன்னு கேட்டேன். பேசவே இல்லட்டி. வாய் ஓயாத பொம்பள, என் மொகத்தப் பாக்காம தட்டத் தொடச்சுக்கிட்டே இருந்தா."

நான் கையிலிருந்த டிக்கெட்டைச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகம்தான்" என்றாள் அம்மா. "நீ படிக்கையில வெரல் ரெண்டு வரிதான் நவுந்துச்சு. நீ பேசினது எட்டு வரிக்கு இருந்துச்சு. எனக்கு எழுத்து தெரியாது. நூலு எம்புட்டு ஓடுச்சுன்னு தெரியும்லா?"

பிறகு, "வாய்க்குத் தகடு இருக்கான்னும் கேட்டேன், உனக்குப் போட. இல்லன்னு தலைய மட்டும் ஆட்டுனா" என்றாள்.

அழக்கூட எனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. என் அம்மா, என்னைப் பெற்றவள், நான் இருக்கும்போது ஒரு தாளைப் படித்துக் காட்டச் சொல்லி வேறொருத்தியிடம் போயிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்மா பைலை என் மடியில் வைத்தாள். "இப்பப் படி. முத தாள்லருந்து. ஒண்ணையும் விடாத."

படித்தேன். எங்களைச் சுற்றி மொட்டைத் தலையில் முக்காடு போட்ட பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் "ம்" போட்டாள். நாலாவது தாளில் ஒரு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. எழுத்துக் கூட்ட முடிந்தது, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வழக்கம்போல ஏதோ ஒன்றைச் சொல்ல வாய் திறந்தேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு" என்றாள்.

"தெரியலம்மா."

"அப்பத் தெரிஞ்சவங்ககிட்டக் கேப்போம்."

வலி குறைக்கும் பிரிவில் ஒரு நர்ஸம்மா இருந்தார். அந்தச் சின்ன அறைக்கு நான் அதுவரை அம்மாவைக் கூட்டிப் போனதே இல்லை. கூட்டிப்போனால் எலும்பு தேய்மானத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பாளே. நர்ஸம்மா அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னார். அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, சரியாகச் சொல்ல முடியாது, வருஷக் கணக்கில் இருக்காது என்றார். அம்மா அழுதாள். நாற்பது நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தபோதுகூட அழாதவள், அந்த மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். நர்ஸம்மா அவளைத் தேற்றவில்லை. தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த பிறகு கேட்டார்.

"எதுக்கும்மா ரொம்பப் பயமா இருக்கு? சாவுக்கா?"

"அது வரும்போது வரட்டும்" என்றாள் அம்மா. மூக்கைச் சிந்தினாள். என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "நான் செத்தா குளிப்பாட்டுவாளுவல்லா. எங்க பக்கத்துல சொந்தக்காரி அத்தன பேரும் சுத்தி நிப்பாளுவ. சேலைய உருவிட்டுத் தண்ணி ஊத்துவாளுவ. என் மாரப் பாப்பாளுவ. பாத்துட்டுப் போய்ப் பேசுவாளுவ. எனக்கு எந்திரிச்சு மூட முடியாதே."

நர்ஸம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அஞ்சு மாசமா இதுதான் மண்டைக்குள்ள ஓடுது. யாருட்டச் சொல்ல? எனக்கு ஒண்ணுமே இல்லன்னு இவ சொல்லுதா. ஒண்ணும் இல்லாதவ சாவப் பத்தி எப்படிப் பேச?"

அதைக் கேட்ட பிறகுதான் நான் செய்தது எனக்கு முழுசாக விளங்கியது. பயத்தை எடுத்துவிட்டதாக நினைத்தேன். பயம் அங்கேயேதான் இருந்தது. அதைச் சொல்லும் வழியைத்தான் நான் அடைத்திருந்தேன்.

"நான் குளிப்பாட்டுதேன்" என்றேன். "நான் மட்டும். கதவச் சாத்திட்டு."

"பொய்யா?"

"இல்லம்மா."

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், தறிக்கூடத்தில் அப்பா பார்த்ததுபோல. பிறகு தலையாட்டினாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூக்கத்தில் வாய் திறந்து, எச்சில் என் சட்டையில் வடிந்தது. அவ்வளவு அயர்ந்து அவள் தூங்கி மாதக்கணக்காகியிருந்தது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வலி கூடியது. மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். அது வலியைக் குறைத்தது, மலத்தைக் கட்டியது. சில நாள் கோபத்தில் தட்டை வீசினாள். சில நாள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அந்த ஐந்து மாதத்தை அவள் மறக்கவில்லை. ஆனால் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டோவில் கோவிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். முழு உருவத் தகட்டைத் தன் கையாலேயே உண்டியலில் போட்டாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "வலி இல்லாம இருக்கணும்னு மட்டும் கேட்டேன். வேற கேட்டா அதுவும் பொய்யாயிரும்" என்றாள். குளிக்கும்போது என்னை உள்ளே விடத் தொடங்கினாள். முதல் நாள் அந்தத் தழும்பைப் பார்த்தபோது என் கை நின்றது. "பாத்துக்கோ, நல்லாப் பாத்துக்கோ. அன்னைக்குப் பாத்து மிரளக் கூடாதுல்லா" என்றாள். முதுகு தேய்த்துவிட்டேன்.

கடைசித் தாளை ஒரு சனிக்கிழமை கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அம்மா படிக்கச் சொன்னாள். படித்தேன். இனி சிகிச்சை இல்லை, வலிக்கு மட்டும் மருந்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும். மூன்றே வரி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"திருப்பிப் படி."

திருப்பிப் படித்தேன். விரலைச் சரியாக வரிக்கு வரி நகர்த்தினேன். அம்மா "ம்" என்றாள்.

அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து அவருக்கு எதிரே போய் நின்று, வழக்கம்போல வாயை அசைக்கப் போனேன்.

"எதுக்குட்டி ஊமை பாஷை?" என்றாள் அம்மா படுக்கையிலிருந்து. "தறிக்கூடத்துல போய்ச் சொன்னியாமே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இங்கன நின்னு கத்திச் சொல்லு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. தறி ஓடல. தெருவுக்கே கேக்கும்."

"கேக்கட்டும்."

கத்தினேன். டாக்டர் இனி மருந்து இல்லை என்றுவிட்டார், அம்மா பிழைக்க மாட்டாள் என்று, அப்பாவின் காதுக்குப் பக்கத்தில், என் தொண்டை கிழியக் கத்தினேன். தறிச் சத்தம் இல்லாத தெருவில் அது கடைசி வீடுவரை போயிருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி கையில் தோசைக் கரண்டியோடே வந்தாள். அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அம்மா என் கையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"வந்துட்டியளா எல்லாரும்? மைக் செட்டு கணக்காக் கத்துதா எம் மக, வராம இருப்பியளா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. நான் போனா இவ மட்டுந்தான் என்னக் குளிப்பாட்டுவா. கதவு சாத்தியிருக்கும். எவளும் உள்ள வரக்கூடாது. மொற, சடங்குன்னு எவளும் கதவத் தட்டக்கூடாது."

தோசைக் கரண்டியோடு வந்தவள் முதலில் தலையாட்டினாள். "சரி மதினி" என்றாள். பிறகு மற்றவர்களும்.

பதினோரு நாள் கழித்து நான் கதவைச் சாத்தினேன். தண்ணீரை வெதுவெதுப்பாகக் கலந்துகொண்டேன். வெளியே சொந்தக்காரப் பெண்கள் நின்றிருந்தார்கள், அவர்கள் வளையல் சத்தம் கேட்டது. அம்மாவுக்குச் செய்து பழகிய கை, மிரளவில்லை. முகம், கை, தழும்பு, முதுகு. துவட்டி, புதுச் சேலையைக் கழுத்துவரை ஏற்றிக் கட்டினேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை.

யாரும் தட்டவில்லை.